டீம் போடும் அண்ணன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஐ.பி.எல். நடக்கும் இரண்டு மாதமும் மாலை ஆறே முக்காலுக்கு மேல் ஒருவகை மனிதருக்குக் காது கேட்காது. ஜெனரல் ஷிப்ட் முடிந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் உட்கார்ந்திருப்பார். கவரைப்பேட்டை வந்ததும் தெரியாது, பொன்னேரி போனதும் தெரியாது. பி ஷிப்ட் என்றால் நிலைமை இன்னும் மோசம். மதியம் இரண்டுக்கு உள்ளே போனவர் இரவு பத்துக்குத்தான் வெளியே வர முடியும். செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிற கம்பெனி என்றால், வீட்டில் இருக்கும் மச்சானிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு வந்திருப்பார். ஏ.டி.எம். கார்டின் ரகசிய எண் மனைவிக்குக்கூடத் தெரியாது. டிரீம் லெவன் என்ற கற்பனை அணி ஆப்பின் பாஸ்வேர்டு மட்டும் மச்சானுக்குத் தெரிந்திருந்தது. இந்த மனிதரை ஊரில் ‘டீம் போடுற அண்ணன்’ என்பார்கள். இரண்டு அணிகளிலிருந்தும் சேர்த்துப் பதினொரு பேரைப் பொறுக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு விலை, மொத்தம் 100 கிரெடிட்டுக்குள் அடங்க வேண்டும். அவர்கள் எடுக்கும் ரன்னுக்கும் விக்கெட்டுக்கும் புள்ளி; கேப்டன் என்று குறித்தவருக்கு அது இரட்டிப்பு, துணைக் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. ஏழு மணிக்கு டாஸ். யார் ஆடுகிறார், யார் வெளியே என்பது அப்போதுதான் தெரியும். ஏழரைக்குக் கதவு மூடிவிடும். அந்த அரை மணி நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவர் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இவர் கிரிக்கெட் ரசிகர் என்று நினைப்பது முதல் தவறு. ரசிகர் மேட்ச் பார்ப்பார். அண்ணன் பட்டியல் பார்ப்பார். சிக்ஸர் போனால் ரசிகர் கத்துவார். அண்ணன் முதலில் ‘யார் அடிச்சது?’ என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் கத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். இவர் சூதாடி என்று நினைப்பது இரண்டாவது தவறு. அதைப் பிறகு சொல்கிறேன். இந்த மனிதரின் உண்மையான குணம் தெரிய வேண்டுமென்றால் ஒரு நட்சத்திர ஆட்டக்காரர் காயம்பட்டு வெளியேறிய நாளில் பார்க்க வேண்டும். அப்படி ஒரு நாள் 2025 ஏப்ரல் 10. சென்னை சூப்பர் கிங்ஸ் கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கை எலும்பு விரிசலால் சீசன் முழுக்க ஆடமாட்டார் என்று பயிற்சியாளர் ஸ்டீபன் பிளெமிங் அறிவித்தார். மார்ச் 30 அன்று கவுகாத்தியில் ராஜஸ்தானுக்கு எதிராகப் பட்ட அடி. 43 வயது தோனி மறுபடியும் கேப்டன். தமிழ்நாடு பாதி அழுதது, பாதி விசிலடித்தது. அண்ணன் இரண்டும் செய்யவில்லை. ‘அப்போ ருது ரன்னெல்லாம் இப்ப யாருக்குப் போவும்?’ என்று கேட்டார்.

இந்தக் கேள்வியில்தான் அவருடைய முழுத் தத்துவமும் இருக்கிறது. இறந்துபோனவரின் நிலத்தை வாரிசுகளுக்குப் பிரிப்பதுபோல, காயம்பட்டவரின் ரன்னையும் மிச்சமிருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று அவர் நம்புகிறார். மூன்றாம் இடத்தில் ராகுல் திரிபாதி இறங்குவார், அவருக்கு ஒரு பங்கு. மேலே ரச்சினுக்கு ஒரு பங்கு. பின்னால் துபேக்கு இன்னும் நாலு பந்து அதிகம் கிடைக்கும். கேப்டன் ஆகிவிட்டதால் தோனி மேலே வந்து ஆடுவார், அவருக்குப் பெரிய பங்கு. பட்டா மாற்றம் முடிந்தது. இந்தப் பாகப்பிரிவினை நம்மூர்க் கண்டுபிடிப்பு அல்ல. 1962இல் அமெரிக்காவின் ஓக்லண்ட் அணியில் பங்கு வைத்திருந்த பில் விங்கன்பாக் என்பவர் கூட்டாளிகளோடு சேர்ந்து இப்படிக் கற்பனை அணி போடும் ஆட்டத்தை உருவாக்கினார். அங்கே ஆட்டம் அமெரிக்கக் கால்பந்து. நட்சத்திரம் என்றால் குவாட்டர்பேக், அதாவது ஏறக்குறைய ஒவ்வொரு தாக்குதலிலும் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவு செய்கிறவர். அவர் போனால் ‘அவர் பங்கு யாருக்கு?’ என்று அங்கேயும் ஒரு கூட்டம் தாளும் பென்சிலுமாக உட்காரும். 2011இல் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணியின் பெய்டன் மானிங் கழுத்து அறுவைச் சிகிச்சையால் அந்த சீசன் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. முந்தைய ஆண்டு 16இல் 10 ஆட்டம் வென்ற அணி அந்த ஆண்டு வென்றது 2. அவர் எறிவதைப் பிடித்துப் பழகிய ரெஜி வேய்ன் 2010இல் 111 பந்து பிடித்தவர்; 2011இல் அவர் கைக்கு வந்தது 75. மானிங் போனதால் வேய்னுக்குச் சொத்து சேரவில்லை. இருந்ததும் போனது.

நம்மூர் நிலவரம் இன்னும் வேடிக்கை. அறிவிப்பு வந்த மறுநாளே, ஏப்ரல் 11 அன்று, சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுடன் ஆட்டம். கும்மிடிப்பூண்டியில் டீக்கடைக்கு டீக்கடை தோனிதான் கேப்டன். அணிக்கும் அவரே, அண்ணன்மார் போட்ட டீமுக்கும் அவரே. சென்னை 20 ஓவரில் எடுத்தது 9 விக்கெட்டுக்கு 103. பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்ட திரிபாதி 16. மேலே வந்து ஆடுவார் என்று எதிர்பார்க்கப்பட்ட தோனி ஏழு விக்கெட் விழுந்த பிறகு இறங்கி ஒரே ரன். இரட்டிப்புப் போட்டால் இரண்டு ரன். சுனில் நரைன் 13 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுத்தார். பிறகு தொடக்க ஆட்டக்காரராக வந்து 18 பந்தில் 44 அடித்தார். 10.1 ஓவரில் ஆட்டம் முடிந்துவிட்டது. நரைனைக் கேப்டனாகக் குறித்தவன் அன்று ராஜா. ஆனால் நம்ம அண்ணன் அப்படிச் செய்வாரா? சேப்பாக்கம் மைதானத்தில், தோனி திரும்பி வந்த அன்று, எதிரணிக்காரனைக் கேப்டனாகப் போடுவதா? கணக்கு வாத்தியார் மாதிரி ஆறு நாள் பேசிவிட்டு ஏழாம் நாள் கோயிலுக்குப் போய்விடும் மனிதர் அவர். கிரெடிட்டை அரைப் புள்ளி சுத்தமாகக் கணக்குப் பார்ப்பார். கேப்டன் இடத்துக்கு வரும்போது மட்டும் கணக்கை மூடிவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

‘ஒரு ஆட்டத்தை வைத்துப் பேசாதே’ என்று அவர் மறுப்பார். நியாயம்தான். முழு சீசனையும் எடுத்துக்கொள்வோம். ருதுராஜ் ஆடியது 5 ஆட்டம். அணி வென்றது 1. அவர் இல்லாமல் நடந்தது 9, வென்றது 3. அதாவது நட்சத்திரம் இருந்தபோது ஐந்தில் ஒன்று, இல்லாதபோது மூன்றில் ஒன்று. இதைச் சொன்னால் அண்ணன் எழுந்தே போய்விடுவார். ஒன்பது ஆட்டத்தை வைத்து ‘கேப்டன் போனதால் அணி முன்னேறியது’ என்று சாதிக்க எனக்கும் துணிச்சல் இல்லை. கடைசியில் பத்து அணிகளில் பத்தாவது இடம்தான் கிடைத்தது, சென்னைக்கு முதல் தடவையாக. நான் சொல்வது அதைவிடச் சின்ன விஷயம். ‘ருது இருந்திருந்தா கதையே வேற’ என்று அவர் ஆணித்தரமாகச் சொல்வதற்கு அந்த ஐந்து ஆட்டத்தில் ஆதாரம் இல்லை. அந்த ஐந்தில் ருதுராஜ் எடுத்தது 53, 0, 63, 5, 1. இரண்டு அரைச் சதம், மூன்று ஏமாற்றம். அவர் அடித்த இரண்டு அரைச் சதங்களில் ஒன்று வெற்றியில் முடிந்தது, மற்றது தோல்வியில். கிரிக்கெட்டில் குவாட்டர்பேக் கிடையாது என்பதுதான் விஷயம். கோல்ட்ஸ் அணியில் ஒரு மனிதர் போனால் அணியே போகும், ஏனென்றால் பந்து அவர் கை வழியாகத்தான் போக வேண்டும். இங்கே பந்து யார் வழியாகவும் போகும். ஒருவர் இருபது பந்து ஆடிவிட்டு வெளியேறினால் மிச்சம் நூறு பந்துக்கு அவர் பொறுப்பில்லை. குவாட்டர்பேக் விளையாட்டுக்காகச் செய்த கணக்கை இங்கே கொண்டுவந்து போடுவது, லாரிக்கு வாங்கிய டயரை ஷேர் ஆட்டோவுக்கு மாட்டுகிற கதை.

சரி, ருதுராஜின் இடம் கடைசியில் யாருக்குத்தான் போனது? பட்டியலிலேயே இல்லாதவர்களுக்கு. ஏப்ரல் 14 லக்னோ ஆட்டத்தில் குண்டூர்க்காரர் ஷேக் ரஷீத் தொடக்கம் ஆட வந்தார். அதற்கு அடுத்த ஆட்டம், ஏப்ரல் 20, மும்பை வான்கடே: ருதுராஜுக்குப் பதிலாக அணியில் சேர்க்கப்பட்ட ஆயுஷ் மாத்ரே, 17 வயதுப் பையன், முதல் ஆட்டத்திலேயே 15 பந்தில் 32. மே 3 அன்று பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94. அந்த ஆட்டத்தைச் சென்னை 2 ரன்னில் இழந்தது. ஏழு ஆட்டத்தில் 240 ரன். ருதுராஜ் ஐந்தில் எடுத்தது 122. அண்ணன் அந்தப் பையனை முதல் நாள் போட்டாரா என்றால், இல்லை. ‘சின்னப் பையன்பா, வான்கடேல என்னா பண்ணுவான்?’ என்றார். வான்கடே அந்தப் பையன் பழகிய ஊர் மைதானம் என்பது மறுநாள் தெரிந்தது. இரண்டாவது ஆட்டத்தில் போட்டார். மூன்றாவதிலிருந்து ‘அந்தப் பையன நான்தான் மொதல்ல சொன்னேன்’ என்று ஆரம்பித்துவிட்டார். இந்த ‘நான் அப்பவே சொன்னேன்’ என்பது ஒரு தனிச் சொத்து. அதற்கு வரியும் இல்லை, வாரிசுச் சண்டையும் இல்லை.

புள்ளிக் கணக்கின் குருட்டுத்தனத்துக்கு அதே லக்னோ ஆட்டம் இன்னொரு சாட்சி. தோனி 11 பந்தில் ஆட்டமிழக்காமல் 26 அடித்து ஆட்டநாயகன் ஆனார். பரிசு வாங்கும்போது, இதை எனக்கு ஏன் கொடுக்கிறார்கள், நூர் அகமது நன்றாகப் போட்டாரே என்கிற அர்த்தத்தில் பேசினார். நூர் அன்று 4 ஓவரில் கொடுத்தது 13 ரன். விக்கெட் எதுவும் இல்லை. ஆட்டத்தைப் பிடித்து நிறுத்தியது அவர்தான் என்பது கேப்டன் கண்ணுக்குத் தெரிந்தது. செல்போன் திரைக்கு அது அவ்வளவாகத் தெரியாது. அங்கே விக்கெட் விழுந்தால்தான் கொட்டும், கஞ்சத்தனமாகப் பந்து போட்டதற்குக் கிடைப்பது சில்லறை. ‘நூரு வேஸ்ட்டுப்பா’ என்று அன்றிரவு அண்ணன் தீர்ப்பெழுதினார். சீசன் முடிவில் நூர் எடுத்தது 24 விக்கெட், சென்னை அணியில் அதிகம்.

இவ்வளவும் அண்ணனுக்குத் தெரியாதா என்றால், இந்த ஊரில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது என்பதுதான் என் கட்சி. கம்பி உருட்டும் ரோலிங் மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபர்னஸிலிருந்து பழுக்கக் காய்ந்து வரும் பில்லட்டை வரிசையாக நிற்கும் ஸ்டாண்டுகளுக்குள் விட்டு, ஓட ஓட மெலியவைத்து, கம்பியாக வெளியே எடுக்க வேண்டும். பல வருஷம் அந்த ஓசையைக் கேட்டுப் பழகிய ஆப்பரேட்டர் ஒரு நாள் வரவில்லை என்றால், அவர் செய்த டன்னை நாலு ஹெல்பருக்கு ஆளுக்குக் கால் டன்னாகப் பிரித்துக் கொடுக்க முடியுமா? கம்பி வழி தவறி மேலே சீறிக்கொண்டு பாம்பு மாதிரி சுருண்டால் லைன் நின்றுவிடும். சில நாள் நேர்மாறாகவும் நடக்கும்: பீகாரிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகாத பையன், யாரும் எதிர்பார்க்காமல், அந்த வேலையைச் சுத்தமாகச் செய்து காட்டுவான். மாத்ரே வான்கடேயில் செய்ததும் அதுதான். ‘ரிலீவர் வரல’ என்ற இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று சிப்காட்டில் ஷிப்ட் பார்த்த எவருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆள் இல்லாத இடம் ஒரு பங்கு அல்ல, பள்ளம் என்று பகல் முழுக்கத் தெரிந்து வைத்திருப்பவர், மாலை ஏழு மணிக்கு மட்டும் அதை ஏன் மறக்கிறார்?

அவர் மறக்கவில்லை, கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்கிறார் என்றே நினைக்கிறேன். பகலில் அவர் ‘போடப்படுகிறவர்’. காக்களூர் எஸ்டேட் ஆனாலும் தேர்வாய்கண்டிகை ஆனாலும், எந்த லைன், எந்த ஷிப்ட், ஞாயிறு ஓ.டி. உண்டா என்பதெல்லாம் யாரோ ஒரு மேஸ்திரியோ சூப்பர்வைசரோ அட்டையில் எழுதுவது. கான்ட்ராக்ட்காரர் என்றால் நாளைக்கு வேலை உண்டா என்பதே இன்னொருவர் வாயிலிருந்து வர வேண்டும். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் போட்ட டீமில் ஆடியவர், மாலையில் அரை மணி நேரம் ஜடேஜாவை உட்காரவைக்கிறார், கான்வேயை வீட்டுக்கு அனுப்புகிறார், விராட் கோலிக்கு ‘இன்னிக்கு உனக்கு ரெஸ்ட்’ என்கிறார். கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறவர்கள் அவர் கட்டைவிரலுக்குப் பணிந்து உள்ளே வருகிறார்கள், வெளியே போகிறார்கள். யாரும் யூனியன் ஆபீசுக்குப் போவதில்லை. அந்த இன்பத்துக்குக் கணக்கு சரியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சூப்பர்வைசர் போடுகிற ஆளெல்லாம் சரியாகவா அமைகிறார்கள்?

‘இதெல்லாம் சாக்கு, காசுக்காகத்தானே ஆடுகிறார்’ என்பார்கள். காசும் இருந்ததுதான். 49 ரூபாய் கட்டினால் முதல் பரிசு கோடியில் என்று காட்டிய போட்டியில் லட்சக்கணக்கான டீம்கள் மோதின. அதில் முதலில் வருவதைவிட எலாவூர் ஏரியில் திமிங்கிலம் பிடிப்பது சுலபம். காசு மட்டும்தான் குறி என்றால் ஒரு சீசனில் விட்டுவிட்டுப் போயிருப்பார். ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்களின் பாட்டையும் பாருங்கள். ஆந்திரா 2020இலேயே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டைத் தடை செய்துவிட்டது. ஆரம்பாக்கம் தாண்டித் தடா வந்தால் செல்போன் ‘நீ வேறு மாநிலம்’ என்று சொல்லிப் பணப்போட்டிக்குள் விட்டதில்லை. ஆகவே ஆரம்பாக்கம் எல்லைக்குள் டீமைப் பூட்டிவிட வேண்டியிருந்தது. சாராயத்துக்கு எல்லை தாண்டியவர்களைப் பற்றி இந்தப் பக்கம் நிறையக் கதை உண்டு. டீம் போடுவதற்காக எல்லை தாண்டாமல் நின்றவர் இவர் ஒருவர்தான். பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு அத்தனையையும் தடை செய்தது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் கையெழுத்து, டிரீம் லெவன் பணப்போட்டிகளை நிறுத்தியது, இந்திய அணியின் சட்டையிலிருந்தும் அதன் பெயர் இறங்கியது. காசுதான் காரணம் என்றால் அன்றோடு இந்த மனித இனமே அழிந்திருக்க வேண்டும். அழியவில்லை. இப்போது டைரியில் போடுகிறார். கேண்டீன் டோக்கனின் பின்பக்கத்தில் போடுகிறார். தோற்றால் டீ வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

கடன் வாங்கி ஆடி, வீட்டை விற்று, உயிரையும் விட்டவர்கள் இந்த மாநிலத்தில் இருந்தார்கள். ஆன்லைன் ரம்மியால் நடந்த தற்கொலைகள்தான் 2022இல் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்ததற்குக் காரணம். அந்த மனிதர்களை இந்தச் சித்திரத்தில் சேர்க்கவில்லை. அவர்கள் கதையில் சிரிக்க ஒன்றுமில்லை. டீம் போடும் அண்ணனும் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார் என்பது உண்மை. 49 ரூபாய் எப்போது 490 ஆகும் என்று அவருக்கே தெரிந்திருக்காது. தடை வந்தது அவருக்கு நல்லதுதான் என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் மனைவியைக் கேட்டால் வேறு பதில் வரும்.

2025 நவம்பரில் சென்னை அணி ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியது. அன்று மாலையே டீக்கடையில் பழைய பாகப்பிரிவினை புதிதாகத் தொடங்கிவிட்டது. ‘ஜட்டு நாலு ஓவரு இப்ப யாருக்குணா?’ என்று ஒரு தம்பி கேட்க, அண்ணன் கிளாஸை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்: நூருக்கு ஏற்கெனவே நாலு, துபேக்கு ஒன்று, மிச்சம் மூன்று. மூன்றாவது விரலில் செல்போன் அடித்தது. கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர். சி ஷிப்டுக்குக் கிரேன் ஆப்பரேட்டர் வர மாட்டாராம், ரிலீவரும் இல்லை, அந்த ஹெல்பர் பையனை ஏற்றிவிடலாமா என்று கேட்கிறார். ‘ஐயோ சார், அவன ஏத்தாதீங்க. லோடோட ஆடிடும். நானே வர்றேன்’ என்று சொல்லிவிட்டு எழுந்தவர், இரண்டடி போய்த் திரும்பி வந்து தம்பியிடம் சொன்னார்: ‘அந்த மூணு ஓவர யாராச்சும் ஒரு புதுப் பையனுக்குக் குடுத்துரு. சமாளிச்சிக்குவான்.’